கடன் நமக்கு, விமானம் அவர்களுக்கு

2022 ஜனவரி 27ஆம் தேதி ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அன்றைக்கு டிவியில் உட்கார்ந்து பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். 1953இல் நேரு அரசாங்கம் டாடாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டது, அறுபத்தெட்டு வருஷம் கழித்து உரியவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. என் தங்கை மகன் போன் போட்டு அதையே சொன்னான். "அவங்க பொருள் அவங்ககிட்டயே போயிடுச்சு மாமா. நீங்க இன்னும் எதுக்குக் கொடி பிடிக்கிறீங்க?"

நான் மீனம்பாக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் டிராஃபிக் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். அதை ஏர் இந்தியாவோடு இணைத்த பிறகு ஓய்வு பெற்றேன். சங்கத்துக்காரன், வாயிற்கூட்டங்களில் கொடி பிடித்தவன்தான். ஆனாலும் அவனுக்குச் சொன்ன பதிலில் கோஷம் எதுவும் இல்லை. பழைய கணக்குதான்.

டாடாவின் பங்கை யாரும் குறைத்துப் பேச முடியாது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் தபால் பையோடு கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாயோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். மீதித் தபாலை எடுத்துக்கொண்டு டாடாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக வந்து இறங்கியது நம் மெட்ராஸில். டாடாவின் முதல் விமானத் தபால் தடத்தின் கடைசி ஊர் இதுதான். அடுத்த வருஷம், 1933 முழுவதிலும், அந்தக் கம்பெனி ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். தபாலோ பத்து டன்னுக்கு மேல். ஆக அந்தக் கம்பெனி சாப்பிட்டது தபாலை நம்பித்தான். தபாலைக் கொடுத்தது அன்றைய சர்க்கார்.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பணமுள்ளவர்கள் எல்லோரும் ஏர்லைன்ஸ் ஆரம்பித்தார்கள், லைசென்ஸும் தாராளமாகக் கிடைத்தது. பயணிகள் அத்தனை பேர் இருந்தார்களா என்றால் இல்லை. 1949 ஜனவரியில் அப்போதைய தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இரவு விமானத் தபால் திட்டத்தைக் கொண்டுவந்தார். மெட்ராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று நாலு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நாலும் நள்ளிரவு தாண்டி நாக்பூரில் சந்திக்கும். தபால் பைகளும் பயணிகளும் விமானம் மாறுவார்கள். விடியும்போது அந்தந்த விமானம் அந்தந்த ஊருக்குத் திரும்பியிருக்கும். மெட்ராஸில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் காலை டெல்லியில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சேவை நின்றுபோயிருந்தது. அதில் வேலை பார்த்த சீனியர்கள் மட்டும் இருந்தார்கள். நாக்பூரில் பனிக்காலத்து நள்ளிரவில் நாலு ஊர்க்காரர்களும் ஒரே கூரையின் கீழ் டீ குடித்த கதையை, எத்தனை முறை கேட்டாலும் புதிதாகச் சொல்வார்கள்.

பகலில் நிலைமை வேறு. கம்பெனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நஷ்டத்தில் ஓடின. 1950இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான விசாரணைக் குழு, இத்தனை கம்பெனிகளுக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டது. கம்பெனிகள் தாமாக ஒன்றுசேரவும் இல்லை. 1953இல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் வந்தது. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா, அப்புறம் டாடாவின் உள்நாட்டு ஏர் இந்தியா. இந்த எட்டும் சேர்ந்துதான் இந்தியன் ஏர்லைன்ஸ். எட்டில் டாடாவுடையது ஒன்று. வெளிநாட்டுச் சேவைக்காக 1948இல் தொடங்கிய ஏர் இந்தியா இன்டர்நேஷனலிலோ, முதல் நாளிலிருந்தே அரசின் பங்கு 49 சதவீதம். 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தபோதே அதில் ஏறக்குறையப் பாதி நம்முடையது.

ஜே.ஆர்.டி. தேசியமயத்தை எதிர்த்தார். தன்னைச் சரியாகக் கலந்து பேசவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அதன் பிறகு நடந்ததை டிவிக்காரர்கள் சொல்வதில்லை. அரசுடைமையான அதே நிறுவனத்துக்கு அவரே தலைவராக இருபத்தைந்து வருஷம் இருந்தார். 1960இல் போயிங் 707 வந்தது. 1962இல் உலகிலேயே முழுக்க முழுக்க ஜெட் விமானங்களை மட்டும் ஓட்டிய முதல் ஏர்லைன்ஸ் என்ற பெயர் வந்தது. 1971இல் ஜம்போ ஜெட். ஓவியர் சால்வடார் டாலி ஏர் இந்தியாவுக்கு ஆஷ்ட்ரே வடிவமைத்துக் கொடுத்து, கூலியாக யானைக்குட்டி கேட்டு வாங்கிக்கொண்டதும் 1967இல்தான். "அந்தக் காலத்து ஏர் இந்தியா போல வருமா" என்று இன்றைக்கு உருகுகிறார்களே, அந்தக் காலத்து ஏர் இந்தியா முழுக்க அரசுக் கம்பெனி. 1978இல் மொரார்ஜி அரசாங்கம் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது அரசாங்கத்தின் சிறுபிள்ளைத்தனம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

என் வாழ்க்கை ஏர் இந்தியாவின் சின்னமான மகாராஜாவோடு போனதல்ல. எங்களுடையது உள்நாட்டு விமானம். சேலை, வேட்டி, தூக்குவாளி, மதுரையிலிருந்து வரும் மல்லிகைக் கூடை. ஆவ்ரோ விமானத்தின் வயிற்றைத் திறந்தால் ராம்ப் முழுக்க மணக்கும். நான் அதிகம் பார்த்தது லோடுஷீட் வேலை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அதை பென்சிலால்தான் போட வேண்டும். எத்தனை பயணி, எத்தனை கிலோ சாமான், முன் ஹோல்டில் எவ்வளவு, பின் ஹோல்டில் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று எழுதி, ட்ரிம் ஷீட்டில் கோடு இழுத்து, எடையின் மையம் வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்த்து, கேப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கதவு மூடும் நேரத்தில் ஒரு சவப்பெட்டி வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

அதில் போர்ட் பிளேர் விமானம் தனி ரகம். காலையில்தான் போகும். அங்கே ஓடுதளத்தின் ஒரு பக்கம் மலை, ஒரு திசையிலிருந்துதான் இறங்க முடியும். இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் வேறு இடம் கிடையாது, சுற்றிலும் கடல். அதனால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சேர்த்து நிரப்பியாக வேண்டும். எரிபொருள் ஏற ஏற, ஆளும் சாமானும் இறங்க வேண்டும். யாரை ஏற்றுவது, எதை நிறுத்துவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. தபால் பை, மருந்துப் பெட்டி இரண்டையும் தொடக்கூடாது. டிரான்ஸ்ஃபரில் போகும் அரசு ஊழியரின் மூட்டை நாளைக்குப் போகலாம். காலேஜ் லீவுக்குப் போகும் பிள்ளைகளின் டிரங்குப் பெட்டியும் நாளைக்குத்தான். "அண்ணே, அந்தப் பொண்ணு அழுவுது, பொட்டிய ஏத்திடலாமா?" என்று லோடர் வந்து நிற்பார். பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சில நாள் ஏறும்.

திரும்பி வரும்போது ஸ்ட்ரெச்சர் கேஸ் வரும். அந்தமானில் பார்க்க முடியாத நோய் என்றால் மெட்ராஸுக்குத்தான் அனுப்புவார்கள். மூன்று வரிசை இருக்கைகளின் முதுகை மடக்கி, அதன்மேல் ஸ்ட்ரெச்சரைக் கட்டி, திரை போட்டு, பாட்டிலைத் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அத்தனை சீட்டும் போச்சு. இந்தத் தடம் லாபமா நஷ்டமா என்று எங்கள் ஷிஃப்டில் யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்தமானுக்கு எல்லாக் கம்பெனியும் பறக்கிறது, கட்டண யுத்தமே நடக்கிறது. சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்தத் தீவுக்குப் பறந்தது யார் என்று கேட்டால் பதில் எங்கள் லோடுஷீட்டில் இருக்கிறது.

1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் இருந்தார்கள், நம் ஊர்க்காரர்கள் உட்பட. பாஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டானின் அம்மான் வரை வந்து சேர்ந்தவர்களை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் பம்பாய்க்குக் கொண்டுவந்தன. 59 நாள், 488 விமானங்கள், ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்குமேல். கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. கையில் ஒரு தினார்கூட இல்லாமல் வந்தவர்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. தனியார் கம்பெனியும் வாடகைக்கு வரும் என்பார்கள். வரும்தான். எந்த விலைக்கு, எத்தனை நாள் பேரத்துக்குப் பிறகு என்பது கேள்வி. 2020 மே மாதம் கொரோனாவில் உலகமே பூட்டிக் கிடந்தபோது, வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் மிஷனைத் தொடங்கிவைத்ததும் இதே நிறுவனம், விற்பனைக்கு விளம்பரம் கொடுக்கப்பட்டிருந்த நிலையில்.

வானத்தைத் தனியாருக்குத் திறந்தது 1990களின் தொடக்கம். 1994இல் பழைய சட்டத்தையே ரத்து செய்தார்கள். போட்டி வந்தது நல்லதுதான், எங்கள் கவுண்டர்களில் மரியாதை கூடியது என்றால் அதுவும் ஒரு காரணம். ஆனால் வந்தவர்கள் எங்கே? ஈஸ்ட்-வெஸ்ட் இல்லை. மோடிலுஃப்ட் இல்லை. டமானியாவை வாங்கிய நம் சென்னை என்.இ.பி.சி. 1997இல் படுத்தது. மதுரைக்காரர் ஆரம்பித்த பாரமவுண்ட் 2010இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012, ஜெட் ஏர்வேஸ் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023. கிங்ஃபிஷர் விட்டுப்போன கடன் சுமார் 9,000 கோடி ரூபாய், கொடுத்தது ஸ்டேட் பாங்க் தலைமையிலான வங்கிகள். தனியார் நஷ்டப்பட்டால் அது அவர் பணம், அரசு நஷ்டப்பட்டால் நம் பணம் என்று சொல்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சரி, எங்கள் நிறுவனம் ஏன் விழுந்தது? தாமதம், மெத்தனம், ஒரு விமானத்துக்கு ஆள் அதிகம், பெரிய மனிதர் ஒருவர் வரும்வரை ஏணியை எடுக்காமல் நிற்பது. எல்லாம் இருந்தது, நானே பார்த்தேன். இதெல்லாம் சேர்ந்து நோய்தான். ஆனால் உயிரை வாங்கியது இது இல்லை. 2005-06இல் ஏர் இந்தியா சுமார் 15 கோடியும் இந்தியன் ஏர்லைன்ஸ் சுமார் 50 கோடியும் லாபம் காட்டின. கொஞ்சம்தான், ஆனால் லாபம்.

அடுத்து நடந்ததை மத்திய அரசின் தலைமைத் தணிக்கை அதிகாரி (சி.ஏ.ஜி.) 2011 அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். 2004 ஜனவரியில் ஏர் இந்தியா வாங்க நினைத்தது 28 விமானம். அதே வருஷம் நவம்பருக்குள் அது 68 ஆனது. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43. மொத்தம் 111 விமானம், எழுபதாயிரம் கோடி ரூபாய் அளவிலான கொள்முதல். இரண்டு நிறுவனங்களின் பங்கு மூலதனத்தையும் கூட்டினால் சில நூறு கோடி தேறும். மீதி எல்லாம் கடன். ஐந்து ஏக்கர் புஞ்சை வைத்திருப்பவனை ஜாமீன் கையெழுத்துப் போடவைத்து ஜமீன் வாங்கச் சொன்ன மாதிரி. வாங்கிக்கொண்டிருக்கும்போதே 2007இல் இரண்டையும் இணைத்தார்கள். ஒன்று அகல உடல் விமானங்களில் கடல் கடப்பது, மற்றது நாளுக்கு ஆறேழு முறை ஏறி இறங்குவது. சம்பள விகிதம் வேறு, பிரமோஷன் வேறு, யூனியன் வேறு. இரண்டுக்கும் ஒரே ரிசர்வேஷன் சிஸ்டம் வரவே 2011 ஆகிவிட்டது. அதற்கு முன்னால் டெல்லியில் இறங்கி லண்டன் விமானம் பிடிக்க வேண்டிய பயணிக்கு, ஒரே கம்பெனியின் இரண்டு கவுண்டர்களுக்கு நடுவே ஓடுவதுதான் இணைப்பு. இதற்கிடையில் வளைகுடாத் தடங்களில் வெளிநாட்டு ஏர்லைன்ஸ்களுக்கு சீட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள். ஏர் இந்தியாவின் சோறு வளைகுடாதான். அந்தத் தட்டிலேயே கை வைத்ததையும் தணிக்கை அதிகாரி கண்டித்தார்.

2007-08இல் இணைந்த நிறுவனத்தின் நஷ்டம் 2,226 கோடி. இந்த முடிவுகளில் எதையும் எடுத்தது பைலட்டோ லோடரோ இல்லை. வாயிற்கூட்டங்களில் இதை நாங்கள் சொன்னபோது சம்பள உயர்வுக்காகக் கூவுகிறார்கள் என்றார்கள். சம்பளமே மாதம் தவறி வந்துகொண்டிருந்த காலம் அது.

விற்கும் முயற்சி அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது. வாஜ்பாய் அரசு ஏர் இந்தியாவின் நாற்பது சதவீதத்தை விற்கப் பார்த்தது. டாடாவோடு சேர்ந்து கேட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2001 செப்டம்பரில் விலகியது, பேச்சு நின்றது. 2012இல் மன்மோகன் அரசு சுமார் 30,000 கோடி மூலதனத்தைப் பல தவணைகளில் தருவதாகத் திட்டம் போட்டது. 2014இல் ஸ்டார் அலையன்ஸ் என்ற உலக ஏர்லைன்ஸ் கூட்டணியில் இடம் கிடைத்தது. 2015-16இல் செயல்பாட்டு லாபம் 105 கோடி என்று நிர்வாகம் சொன்னது. தணிக்கை அதிகாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தலை மேலே வந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். மூழ்கடித்தது பழைய கடனின் வட்டி. நாடாளுமன்ற நிலைக்குழுவே 2018இல் கடனைத் தள்ளுபடி செய்து ஐந்து வருஷமாவது அவகாசம் கொடுங்கள் என்ற நிலைக்கு வந்தது. அந்த வருஷம் 76 சதவீதத்தை விற்பனைக்கு வைத்தார்கள், கெடு முடிந்த மே 31 வரை ஒருவரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? கடன் கூடவே வந்தது.

எனவே கடனை வெட்டினார்கள். எங்களுக்குச் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்டதை வாங்குபவருக்குச் செய்தார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் மொத்தக் கடன் 61,562 கோடி. டாடாவின் ஏலத் தொகை 18,000 கோடி. அதில் 15,300 கோடி, கடனில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பகுதி. அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. மீதிக் கடன் 46,262 கோடி, அரசு இதற்கென்றே ஏற்படுத்திய சொத்து நிறுவனத்தின் தலையில் இறங்கியது. நிலம், கட்டடம் போன்ற சுமார் 14,700 கோடி மதிப்புள்ள சொத்துகளும் அந்த நிறுவனத்துக்கே வந்தன என்பதையும் கணக்கில் வையுங்கள். அதைக் கழித்தாலும் முப்பதாயிரம் கோடிக்கு மேல் உங்கள் தலையிலும் என் தலையிலும். அவர்களுக்குப் போனது நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள், விமானம் இறங்கி ஏற ஒதுக்கிய நேரங்களான ஸ்லாட்கள் உள்நாட்டில் ஆயிரக்கணக்கில், வெளிநாட்டு நிலையங்களில் சுமார் 900. ஹீத்ரோவில் ஒரு ஸ்லாட் என்ன விலை போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இதே வெட்டை 2012லேயே போட்டிருந்தால் விற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்பது என் வாதம். தங்கை மகன் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "சரி மாமா, பிளைட் டயத்துக்கு வந்தா போதும்" என்றான்.

2025 ஜூனில் அகமதாபாத்தில் நடந்த கோர விபத்தை இந்த வழக்கில் சாட்சியாக இழுக்க மாட்டேன். செத்தவர்களை வைத்து வாதாடுவது எங்கள் தொழிலில் பாவம். அரசுக் கம்பெனியாக இருந்தபோதும் விமானங்கள் விழுந்திருக்கின்றன. நான் இழுப்பது அதே வருஷம் டிசம்பரை. பைலட்களின் ஓய்வு நேர விதிக்கு ஆள் தயார் செய்யாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இருவரைச் சுமக்கும் கம்பெனி அது. மற்றக் கம்பெனிகளின் டிக்கெட் விலை ராக்கெட்டாக ஏறியது. கடைசியில் அரசாங்கம் 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், அதிகபட்சம் 18,000 என்று உச்சவரம்பு போட்டது. விதியையும் தளர்த்திக் கொடுத்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு நிலை வந்தால் டெல்லியிலிருந்து எங்களுக்கு ஒரு போன் வரும், கூடுதல் விமானம் போடுங்கள் என்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுதளம் முங்கிக் கிடந்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து ஏர் இந்தியா பறந்தது அப்படித்தான். இப்போது போன் போட ஆள் கிடையாது, வேண்டுகோள்தான் வைக்க முடியும்.

அரசுக் கம்பெனி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏர் இன்னும் அரசிடம் இருக்கிறது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ.டி.ஆர். விமானத்தை விட்டது அதுதான். தடம் தேறும் என்று தெரிந்த பிறகு 2024இல் இண்டிகோ வந்தது. பல வருஷம் லட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் பறந்ததும் அலையன்ஸ்தான். விமானங்களைப் பழுது பார்க்கும் பொறியியல் நிறுவனமும், ராம்ப் வேலை பார்க்கும் ஏர்போர்ட் சர்வீசஸும் டாடாவுக்குப் போகவில்லை. மூன்றுமே விற்பனைப் பட்டியலில் இருக்கின்றன. அலையன்ஸின் விமானங்களில் சில உதிரிபாகம் இல்லாமல் அவ்வப்போது நிற்கின்றன. முதலில் நிறுத்திவைப்பது, பிறகு நஷ்டம் என்பது, பிறகு விற்பது. இந்த வரிசை எங்களுக்கு மனப்பாடம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நின்றுகிடக்கும் ஏ.டி.ஆர்.களுக்கு உதிரிபாகம் வாங்கப் பணம் கொடுங்கள், மூன்று நிறுவனங்களையும் ஒன்றாக்கி அரசிடமே வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.